கண்ணுக்கு மட்டும் எச்சரிக்கை போட்டா போதாது, கேமராவுக்கும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திண்டுக்கல்ல கேமரா சர்வீஸ் கடை வச்சிருக்கேன். ஒவ்வொரு சூரிய கிரகணத்துக்கும் முந்தின நாள் எல்லா பத்திரிகைலயும் ஒரு பெட்டிச் செய்தி வருது, "வெறும் கண்ணால் பார்க்க வேண்டாம்"னு. நல்ல விஷயம், கண்டிப்பா போடணும். ஆனா அதோட நிறுத்திடுறீங்க. இன்னிக்கு எல்லார் கையிலயும் ஒரு கேமரா இருக்கு, ஒன்னு ஃபோன்ல, இல்லன்னா வாடகைக்கு எடுத்த டெலி லென்ஸ்ல, அதாவது தூரத்துல இருக்குறத கிட்டக் காட்டுற நீள லென்ஸ்ல. வெறும் கண்ணாலதான பாக்கக் கூடாது, கேமரா வழியா பாத்தா ஒன்னும் ஆகாதுன்னு ஜனங்க நினைச்சுக்குறாங்க. உண்மை அதுக்கு நேர் எதிர். கேமரா வழியா பாக்குறதுதான் ரொம்ப மோசம். அத உங்க பத்திரிகைல விவரமா போடணும்னு கேட்டுத்தான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணம், நிலா நடுவுல மறைச்சு சூரியனோட விளிம்பு மட்டும் வளையமா தெரியுறது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊட்டி, கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டைன்னு நம்ம தலைக்கு மேலயே போச்சு, காலைல ஒன்பதரை மணி வாக்குல மூணு நிமிஷம் போல வளையம் தெரிஞ்சுது. அதுக்கு அப்புறம் என் டேபிளுக்கு வந்த கேமராக்களைத் திறந்து பாத்தவன் நான். திறந்து மூடுற ஷட்டர் கர்ட்டன்ல ஓட்டை, லென்ஸுக்குள்ள வெளிச்சத்த அளவா விடுற அபர்ச்சர் பிளேடு சுருங்கி ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டது, படம் பதியுற சென்சார்ல தழும்பு மாதிரி ஒரு கோடு, அந்தக் கோடு இனிமே எடுக்குற எல்லா படத்துலயும் வரும். லோன் போட்டு வாங்குன கேமரா, தை மாசம் முகூர்த்தத்துக்கு ஆர்டர் கையில வச்சிருக்குற பையனுங்க. பரவால்ல, கேமரா காசு சேத்தா திரும்ப வரும். கண்ணு போச்சுன்னா எந்த கடைல ஸ்பேர் வாங்குறது?

ஏன் இப்படி ஆகுதுன்னு சொல்லிடுறேன். சின்ன வயசுல பூதக்கண்ணாடி வச்சு வெயில்ல பேப்பர எரிச்சிருப்போம், டெலி லென்ஸ் அதேதான், அதவிட பெருசு. நல்ல வெயில்ல நம்ம கண்மணி ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். சாதாரண 400 எம்எம் லென்ஸ்ல முன்கண்ணாடி 70 மில்லிமீட்டர் போல இருக்கும், கணக்கு போட்டு பாருங்க, கண்ணுக்குள்ள போற வெளிச்சத்த விட ஐநூறு மடங்குக்கு மேல அள்ளி ஒரு சின்ன புள்ளில கொண்டாந்து குவிக்குது. டிஎஸ்எல்ஆர்ல, அதாவது உள்ள மிரர் வச்ச கேமராவுல, வியூஃபைண்டர்ங்குற கண்ண வச்சு பாக்குற துளை வழியா பாத்தா அந்த வெளிச்சம் மிரர்ல பட்டு நேரா கண்ணுக்கு வருது. மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவுல நீங்க பாக்குறது குட்டி ஸ்கிரீன், அதனால கண்ணு தப்பிச்சுரும், ஆனா அங்க சென்சார் எப்பவும் திறந்தே கிடக்குது, மொத்த சூடும் அதுமேலதான். டிஎஸ்எல்ஆர்ல லைவ் வியூ போட்டு பின்னாடி ஸ்கிரீன்ல பாத்தாலும் இதே கதை.

கண்ணுல என்ன கொடுமைன்னா வலிக்காது. விழித்திரைல வலி தெரியுற நரம்பே கிடையாது, சுடும்போது ஒன்னும் தெரியாது, பல மணி நேரம் கழிச்சு, சில பேருக்கு மறுநாள் காலைல எந்திரிச்சு பேப்பர் படிக்கும்போதுதான் எழுத்துக்கு நடுவுல ஒரு கறை நிக்குதுன்னு தெரியும். சில பேருக்கு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா சரியாகும், சில பேருக்கு ஆகவே ஆகாது. இதுக்குன்னு நிரூபிச்ச மருந்தோ ஆபரேஷனோ கிடையாது. 2017 ஆகஸ்ட் 21 அமெரிக்காவுல கிரகணம் வந்தப்ப நியூயார்க்ல ஒரு இளம்பெண் சில நொடி பாத்ததுக்கே, அவங்க விழித்திரைய ஸ்கேன் பண்ணப்ப அன்னிக்கு சூரியன் இருந்த அதே பிறை வடிவத்துலயே காயம் பதிஞ்சிருந்துச்சு, ஜாமா ஆப்தால்மாலஜிங்குற மருத்துவ இதழ்ல படத்தோட வந்தது. அந்தப் படத்த வாங்கி உங்க பத்திரிகைல ஒரு தடவை போட்டீங்கன்னா பத்து பெட்டிச் செய்திக்கு சமம்.

அந்தப் பிறை வடிவம் ஒரு முக்கியமான விஷயத்த சொல்லுது. சூரியன் பாதி மறைஞ்சா உக்கிரமும் பாதியாயிரும்னு எல்லாரும் நினைக்குறோம். இல்ல. மொத்த வெளிச்சம்தான் குறையும், மறையாம மிச்சம் இருக்குற பகுதி அதே சூட்டோட அதே பிரகாசத்தோடதான் இருக்கு, அந்த அளவு இடத்த அது சுட்டுடும். நூத்துல ஒரு பங்கு சூரியன் மிச்சமிருந்தாலும் பௌர்ணமி நிலாவ விட சுமார் நாலாயிரம் மடங்கு வெளிச்சம். சுத்தி இருட்டா இருக்கறதால கண் கூசாது, கண்மணி இன்னும் விரியும், நாமளும் ரொம்ப நேரம் பாத்துட்டு நிப்போம்.

இப்ப ஃபில்டர் விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் குழப்பம் அதிகம். சூரியனுக்குன்னு செஞ்ச ஃபில்டர் வெளிச்சத்துல லட்சத்துல ஒரு பங்கத்தான் உள்ள விடும். அருவி, கடலலை எல்லாம் பால் மாதிரி எடுக்குறதுக்கு நம்ம பசங்க வச்சிருக்குற, வெளிச்சத்தக் குறைக்குற என்டி ஆயிரம் ஃபில்டர், பத்து ஸ்டாப்னும் சொல்லுவாங்க, ஆயிரத்துல ஒரு பங்கு விடும். அதாவது வேண்டியதவிட நூறு மடங்கு அதிகம். கறுப்பாதான இருக்குன்னு அத மாட்டிக்கிட்டு வியூஃபைண்டர்ல கண்ண வைக்குறாங்க. ரெண்ட ஒன்னு மேல ஒன்னு மாட்டுனா சரியாயிரும்னு யூடியூப்ல சொல்றவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அத நம்பாதீங்க, கண்ணுக்கு தெரியுற வெளிச்சம் குறைஞ்சாலும் கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு கதிர சாதாரண என்டி ஃபில்டர் சரியா தடுக்காது. எக்ஸ்ரே ஃபிலிமும் அப்படித்தான். பழைய நெகட்டிவ், சிடி, புகை பிடிச்ச கண்ணாடி, கூலிங் கிளாஸ் எல்லாத்துக்கும் இதே பதில்தான். இதுல எனக்கு பத்திரிகைகள் மேல ஒரு வருத்தம் உண்டு. உள்பக்கத்துல எக்ஸ்ரே கூடாதுன்னு போட்டுட்டு மறுநாள் முதல் பக்கத்துல எக்ஸ்ரே ஃபிலிம தூக்கிப் பிடிச்சு பாக்குற பிள்ளைங்க படத்த அழகா கலர்ல போடுறாங்க. படிக்குறவங்க மனசுல எது நிக்கும்?

சூரிய ஃபில்டர் ஷீட்டுலயே ரெண்டு வகை இருக்கு, இது கடைக்காரங்களுக்கே நிறைய பேருக்கு தெரியாது. பாடர் ஆஸ்ட்ரோசோலார்னு ஒரு ஷீட் வருது, அதுல 5.0ன்னு போட்டிருக்குறது கண்ணுக்கும் ஆகும் கேமராவுக்கும் ஆகும். 3.8ன்னு போட்டிருக்குறது ஃபோட்டோவுக்கு மட்டும்தான், அதுல பதினாறு மடங்கு வெளிச்சம் கூட வரும், ஷட்டர் ஸ்பீடு கூட்டி எடுக்கலாம்னு செஞ்சது. அத டிஎஸ்எல்ஆர்ல மாட்டிட்டு வியூஃபைண்டர்ல பாத்தா போச்சு. என்னைக் கேட்டா 5.0 மட்டும் வாங்குங்க, அத விட்டு வேற யோசிக்காதீங்க.

ஃபில்டர் எப்பவும் லென்ஸுக்கு முன்னாடிதான் இருக்கணும், சூரியன் பக்கம். கண்ணு பக்கம் இல்ல. கிரகணக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு கேமராவுலயோ பைனாகுலர்லயோ பாக்குறதும் ஆபத்து, லென்ஸ் குவிச்சு அனுப்புற சூட்டுல அந்த மெல்லிசான ஷீட் ஒரு நொடில பொசுங்கிரும். பழைய சின்ன டெலஸ்கோப்போட, கண்ண வச்சு பாக்குற ஐபீஸ்ல திருகி மாட்டுற மாதிரி ஒரு கறுப்பு கண்ணாடி குடுப்பாங்க, அது சூட்டுல படீர்னு விரிஞ்சுரும், அத எடுத்து தூரப் போட்டுடுங்க.

ஷீட்ட வாங்குனதும் சார்ட் அட்டைல லென்ஸ் மூக்குக்கு ஏத்த மாதிரி ஒரு குழல் செஞ்சு அதுல ஒட்டிக்கலாம், ஷீட்ட விறைப்பா இழுத்து ஒட்டக் கூடாது, லேசா சுருக்கம் இருந்தா படத்துக்கு ஒன்னும் ஆகாது. மாட்டுனப்புறம் சுத்தி இன்சுலேஷன் டேப் போடுங்க. 2010 ஜனவரி 15 கிரகணத்துக்கு தனுஷ்கோடிலயும் கன்னியாகுமரிலயும் எத்தனை பேரு கூடுனாங்கன்னு பாத்திருப்பீங்க, அந்த மாதிரி கடல்காத்து அடிக்குற இடத்துல ஃபில்டர் பிச்சுக்கிட்டு போறதுக்கு ஒரு நொடி போதும், அந்த நேரம் கண்ணு வியூஃபைண்டர்ல இருந்தா என்னாகும். ஒவ்வொரு தடவை மாட்டுறதுக்கு முன்னாடியும் ஃபோன் டார்ச்ச பின்னாடி பிடிச்சு பாருங்க, ஊசி முனை அளவு ஓட்டை, கீறல் இருந்தா அந்த ஷீட் அவ்வளவுதான்.

கண்ணுக்கு போடுற கண்ணாடில ஐஎஸ்ஓ 12312-2ன்னு தரக் குறியீடு இருக்கணும், ஆனா அத அச்சடிச்சிருக்குறதாலயே நம்பிர முடியாது, 2017ல அமேசான்லயே உறுதி செய்ய முடியாத கண்ணாடிங்க நிறைய இருந்துச்சுன்னு வாங்குனவங்களுக்கு பணத்த திருப்பிக் குடுத்தாங்க. தெரிஞ்ச அறிவியல் அமைப்புகிட்ட வாங்குறதுதான் நல்லது, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாதிரி. வெல்டிங் கண்ணாடின்னா 14ஆம் நம்பர், பட்டறைல சாதாரணமா கிடக்குற 10, 11 எல்லாம் பத்தாது.

ஃபில்டர் மாட்டுனப்புறம் கேமரா செட்டிங்ஸ் பெரிய விஷயமே இல்ல. ஐஎஸ்ஓ (இது கேமராவோட வெளிச்ச உணர்திறன், கண்ணாடி தரக் குறியீடு இல்ல) 100, எஃப் 8, ஷட்டர் 1/500ல ஆரம்பிச்சு மேலயும் கீழயும் நாலு படம் எடுத்து பாருங்க, ஃபோகஸ மேனுவல்ல போட்டு சூரியனோட விளிம்பு கூர்மையா வர்ற வரைக்கும் ரிங்க திருப்புங்க, சூரியன் மேல கரும்புள்ளி இருந்தா அத வச்சு ஃபோகஸ் பண்றது இன்னும் சுலபம். இதுக்கு கிரகணம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்ல. 2024 மே மாசம் எல்லாம் எவ்ளோ பெரிய கரும்புள்ளிக் கூட்டம் வந்துச்சு, லடாக்ல வானம் சிவந்ததே அதுல இருந்து வந்த சூரியப் புயலாலதான், அந்த வாரம் ஃபில்டர் போட்டு பாத்தவங்களுக்கு லென்ஸே இல்லாம தெரிஞ்சுது. அந்த மாதிரி நாள்ல பழகிக்கிட்டா கிரகணத்தன்னிக்கு கை பதறாது.

ஃபோன் வச்சிருக்குறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். லென்ஸோட எம்எம், அதாவது குவியத்தூரம், எவ்வளவோ அத 109ஆல வகுத்தா சென்சார் மேல விழுற சூரியனோட அளவு வரும். 600 எம்எம் லென்ஸ்ல அஞ்சரை மில்லிமீட்டர், நல்ல படம். ஃபோன்ல மெயின் கேமராவோட நிஜமான குவியத்தூரம் ஆறு எம்எம் போலத்தான், சூரியன் அதுல அரை மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. அதுலயும் வெளிச்சம் சிதறி ஒரு வெள்ளைத் திட்டுதான் வரும், வளையமாவது பிறையாவது. ஃபோன் கெடறது ஒரு பக்கம் இருக்கட்டும், ஸ்கிரீன்ல சூரியன் எங்க இருக்குன்னு தெரியாம ஃபோனுக்கு ஓரமா எட்டி எட்டி மேல பாக்குறாங்க பாருங்க, அதுதான் பயமா இருக்கு. ஒன்னுமே வராத ஒரு படத்துக்காக பிள்ளைங்க கண்ண பணயம் வைக்குதுங்க.

ஆனா ஃபோன்லயே அருமையான கிரகணப் படம் எடுக்கலாம், சூரியனப் பாக்காம. முதுக சூரியனுக்கு காட்டிட்டு கீழ பாருங்க. வேப்பமரம், புங்கமரம் நிழல்ல இலை இடுக்கு ஒவ்வொன்னும் ஒரு ஊசித்துளை, தரை முழுக்க நூத்துக்கணக்குல குட்டிப் பிறை விழும், வளைய கிரகணம்னா குட்டி குட்டி மோதிரமா விழும். வெள்ளைச் சுவர் முன்னாடி இடியாப்ப அச்சத் தூக்கிப் பிடிங்க, பூந்தி ஜாரணியப் பிடிங்க, ஓட்டைக்கு ஒரு பிறை. இல்லன்னா முகம் பாக்குற சின்ன கண்ணாடிய எடுத்து மேல பேப்பர ஒட்டி நடுவுல சுண்டுவிரல் நக அளவுக்கு ஓட்டை விட்டு, வெயில்ல வச்சு இருட்டு ரூமுக்குள்ள சுவர்ல அடிங்க, பத்து மீட்டர் தள்ளி அடிச்சா ஒன்பது சென்டிமீட்டர் சூரியன் சுவர்ல நிக்கும், தூரம் கூடக் கூட கூர்மையும் கூடும், மொத்த வகுப்பும் சுத்தி உக்காந்து பாக்கலாம், படம் எடுக்கலாம், சந்திரன் கடிச்சுக்கிட்டே போறது அப்படியே தெரியும். கண்ணாடிய மட்டும் யாரும் குனிஞ்சு பாக்காம பாத்துக்கணும்.

இது ஏதோ பிள்ளைங்க விளையாட்டுன்னு நினைச்சுராதீங்க. எங்க மாவட்டத்துலயே கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கு, 1899ல ஆரம்பிச்சது, 1904ல இருந்து வானம் தெளிவா இருக்குற நாளெல்லாம் சூரியனப் படம் எடுத்து வச்சுக்கிட்டு வர்றாங்க, உலகத்துலயே இவ்வளவு நீளமான தொடர் ரொம்ப சிலதுதான். அங்க இருக்குற சுரங்க டெலஸ்கோப்ல கண்ணாடிங்க சூரிய வெளிச்சத்த வாங்கி 60 மீட்டர் சுரங்கத்துக்குள்ள திருப்பி விடுது, லென்ஸ் அத 34 சென்டிமீட்டர் சூரியனா உள்ள விழ வைக்குது. எவர்ஷெட்ங்குற விஞ்ஞானி 1909ல கரும்புள்ளில வாயு ஓடுறதக் கண்டுபிடிச்சதும் அதே மலைலதான். அதுக்கும் முன்னாடி 1871 டிசம்பர் 12 முழு கிரகணத்துக்கு மெட்ராஸ் வானியல் ஆய்வகத்து நார்மன் போக்சன் நம்ம அவிநாசிக்கு வந்து உக்காந்தாரு, பிரான்ஸ்ல இருந்து ஜான்சன்ங்குற வானியல் அறிஞர் நீலகிரிக்கு வந்தாரு, தொட்டபெட்டால கேமராவ நிறுத்தி படம் எடுத்தாங்க. இவ்வளவு பழைய தொடர்பு இருக்குற ஊர்ல கிரகணத்தன்னிக்கு பிள்ளைங்கள வகுப்புல போட்டு கதவ சாத்துறாங்களேன்னு மனசு ஆறல. பயமுறுத்தி உள்ள வைக்க வேணாம், பாதுகாப்பா எப்படின்னு சொல்லிக் குடுத்து வெளிய கூட்டிட்டு வாங்க.

கிராமத்துல தாம்பாளத்துல மஞ்சத் தண்ணியோ சாணித் தண்ணியோ ஊத்தி அதுல தெரியுற சூரியனப் பாக்குற வழக்கம் இன்னும் இருக்கு. பெரியவங்க நேரா பாக்கக் கூடாதுங்குற நல்ல எண்ணத்துல செஞ்சதுதான், அந்த அக்கறைய நான் மதிக்குறேன். ஆனா தண்ணி நூத்துல ரெண்டு பங்கு வெளிச்சத்த திருப்பி அனுப்புது, சூரியன் சாஞ்சிருந்தா இன்னும் கூட. கண்ணு தாங்குறது லட்சத்துல ஒன்னு ரெண்டு பங்கு. தாம்பாளத்துக்கு பதிலா அதே பாட்டிகிட்ட ஜாரணியக் குடுங்க.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும், கன்னியாகுமரில சூரிய உதயம் ஃபில்டர் இல்லாமதான எடுக்குறோம்னு. அடிவானத்துல சிவப்பா இருக்குறப்ப அவ்வளவு தடிமனான காத்து மண்டலத்தத் தாண்டி வர்றதால மங்கி வருது, வைட் லென்ஸ்ல ரெண்டு படம் எடுத்தா ஒன்னும் ஆகாது. கொஞ்சம் மேல ஏறிட்டா அந்தக் கணக்கு செல்லாது. 2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, நம்ம ஊருக்கு சாயங்காலம் பகுதி கிரகணம் வருது, சாயங்கால வெயில்தானன்னு யாரும் அசால்ட்டா இருக்கக் கூடாது. மெல்லிசா மேகம் மூடுனாலும் ஃபில்டரக் கழட்டக் கூடாது, மேகம் எப்ப விலகும்னு யாருக்கும் தெரியாது.

அதே 2027 கிரகணம் ஜெத்தா, மக்கா பக்கம் முழு கிரகணம், அங்க நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு வேலை பாக்குறாங்க, உங்க பத்திரிகைய நெட்ல படிக்குறாங்க. அவங்களுக்கு மட்டும் ஒரு விதி தனியா சொல்லணும். சூரியன் முழுசா மறைஞ்சு, கடைசியா விளிம்புல வைரப் பொட்டு மாதிரி மின்னுற வெளிச்சமும் அணைஞ்சப்புறம் ஃபில்டரக் கழட்டலாம், கழட்டித்தான் ஆகணும், இல்லன்னா சூரியனச் சுத்தி தெரியுற வெள்ளை ஒளிக்கிரீடம் படத்துல வராது. மறுபக்கம் வெளிச்சம் எட்டிப் பாக்குறதுக்கு முன்னாடியே திரும்ப மாட்டிரணும், நிமிஷத்த எண்ணி அலாரம் வச்சுக்கங்க.

இந்த விதி நம்ம ஊர்ல வர்றதுக்கு செல்லாதுங்குறதுதான் எனக்கு பெரிய கவலை. 2031 மே 21 தென் தமிழ்நாட்டுல, மதுரை பக்கமெல்லாம், யாழ்ப்பாணம் வரைக்கும் வளைய கிரகணம் வருது. வளையத்துல சூரியனோட விளிம்பு மறையவே மறையாது, அதனால ஃபில்டரக் கழட்டுற நொடின்னு ஒன்னு கிடையவே கிடையாது, ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் மாட்டியே இருக்கணும். அமெரிக்காவுல எடுத்த முழு கிரகண வீடியோவப் பாத்துட்டு "இப்ப கழட்டலாம்"னு நம்ம பசங்க கழட்டிருவாங்களோன்னு பயப்படுறேன். அன்னிக்கு உச்சி வெயில் நேரம், கோடை விடுமுறை, சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேல. ட்ரைபாட்ல கேமராவ அந்தளவுக்கு நிமித்துனா பின்னாடி குனிஞ்சு பாக்க முடியாது, மடக்கு ஸ்கிரீன் இருக்குற கேமரா வேணும், இல்லன்னா நிமிந்து தேடி தேடி வெறும் கண்ணாலதான் சூரியனப் பாப்பாங்க. மே மாச சூட்டுல கேமரா சூடாயி ஆஃப் ஆகும், படம் எடுக்காத நேரத்துல வெள்ளைத் துண்டு போட்டு மூடி வைக்கணும்.

அதுக்கு அடுத்த வருஷம் 2032 நவம்பர் 13 மதியத்துல புதன் கோள் சூரியன் முன்னாடி கடந்து போகும், ஒரு சின்ன கறுப்புப் பொட்டு, அதுக்கு ஃபில்டரோட டெலி லென்ஸ் இல்லாம வேலைக்கே ஆகாது. வெள்ளி கடந்து போனத 2004லயும் 2012லயும் பாத்தவங்க பாத்தாச்சு, அடுத்தது 2117லதான்.

சூரிய ஃபில்டர் ஷீட் நம்ம ஊர் ஸ்டூடியோ கடைகள்ல வச்சிருக்க மாட்டாங்க, வெளியூர்ல சொல்லி வரவழைக்கணும். கிரகணத்துக்கு முந்தின நாள் பெட்டிச் செய்தி படிச்சுட்டு கிளம்புறவனுக்கு கையில கிடைக்குறது எக்ஸ்ரே ஃபிலிம்தான். அதனால 2027க்கு ஜூன் மாசமே, 2031க்கு மார்ச் மாசமே, ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்க சார். எந்த ஃபில்டர், எங்க மாட்டுறது, ஃபோன் வச்சிருக்குறவங்க எதப் படம் எடுக்கணும்னு போடுங்க. மறுநாள் முதல் பக்கத்துக்கு படம் வேணும்னா வேப்பமரத்தடில தரையெல்லாம் மோதிரமா விழுந்து கிடக்குறத எடுத்து அனுப்பச் சொல்லி வாசகர்கள்கிட்ட கேளுங்க, நல்லதா நாலு படம் போடுங்க. தொழில்நுட்ப விஷயத்துல சந்தேகம் இருந்தா கொடைக்கானல் ஆய்வகத்துல கேட்டு சரிபாத்துட்டே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், கேமரா சர்வீஸ் கடைக்காரர்,
திண்டுக்கல்.